இரண்டு சிகரம், நடுவே பனி முகடு: வடசென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மணாலிக்கு மேலே பீர் பஞ்சால் மலைத்தொடரில் மே கடைசி, ஜூன் தொடக்கம் வரைக்கும் உயரத்தில் பனி கெட்டியாக இருக்கும். அதுதான் அந்த ஊர் வசந்தம். அந்த நாட்களில் ஒரு சிகரத்தில் ஏறி, அங்கிருந்து பனி மூடிய முகட்டிலேயே நடந்து அடுத்த சிகரத்தைத் தொட்டு, மறுபக்கமாக இறங்குவதை ‘டிராவர்ஸ்’ என்பார்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்துப் பிள்ளைகள் இதற்குக் கிளம்பும்போது திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை.

இரண்டு மூன்று ட்ரெக் போயிருக்கிறேன். நேராக இதற்குப் போகலாமா?

வேண்டாம். சுமார் 3800 மீட்டர் உயரமுள்ள கேதார்கந்தா மாதிரியான பனி ட்ரெக்கில் பெரும்பாலும் கால் வழுக்கினால் உட்கார்ந்து எழுந்துகொள்ளலாம். கூர்மையான முகட்டில் வழுக்கினால் சரிவின் அடி வரைக்கும் போக வேண்டியதுதான். முதலில் மலையேற்ற அடிப்படைப் பயிற்சியை (பேசிக் கோர்ஸ்) முடித்துவிடுங்கள். உத்தரகாசியில் 1965-இல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனம், டார்ஜிலிங்கில் 1954-இல் தொடங்கிய இமாலய மலையேற்ற நிறுவனம், மணாலியில் அடல் பிஹாரி வாஜ்பாய் பெயரில் உள்ள நிறுவனம் ஆகிய மூன்றுமே அரசு சார்ந்தவை. ஏறக்குறைய நாலு வாரம் ஆகும். அதற்குப் பிறகு ஃப்ரெண்ட்ஷிப் பீக் (5289 மீட்டர்) போல ஒற்றைச் சிகரம் ஒன்றை ஏறிவிட்டு வாருங்கள். டிராவர்ஸ் மூன்றாவது படி. அப்போதும் அந்த முகட்டை முன்பே கடந்த வழிகாட்டி கூட இருக்க வேண்டும்.

ஒரு சிகரம் ஏறி இறங்குவதற்கும் இதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

ஏறின வழியிலேயே இறங்குகிறவருக்குத் தன் காலடித் தடம் இருக்கிறது. எங்கே சரிவு அதிகம், எங்கே பாறை என்று பார்த்தாகிவிட்டது. எந்த நிமிடத்தில் வேண்டுமானாலும் திரும்பலாம், கீழே இறங்க இறங்க ஆபத்து குறையும். முகட்டில் அப்படியில்லை. பாதி தூரம் போனபின் முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் ஒரே தூரம். பக்கவாட்டில் இறங்க வழி இருக்காது. இறங்கப்போகும் சரிவை இதுவரை யாரும் தொட்டிருக்க மாட்டீர்கள், அதன் பனி இளகிவிட்டதா என்பதும் தெரியாது.

ஆகவே முடிவெடுக்கும் இடம் முதல் சிகரம். அங்கே நின்று ஐந்து விஷயம் பாருங்கள். மணி என்ன? ராத்திரி பனி உறைந்ததா? முகடு முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறதா? காற்றில் நேராக நிற்க முடிகிறதா? குழுவில் யாருக்காவது தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் இருக்கிறதா? ஐந்தில் ஒன்று சரியில்லை என்றாலும் வந்த வழியே இறங்கிவிடுங்கள். ‘கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்போம்’ என்பதுதான் முகட்டில் ஆட்களை மாட்டவைக்கும் வார்த்தை.

ராத்திரி ஒரு மணிக்கே எழுப்புகிறார்களே, எதற்கு?

வசந்தகாலப் பனி பகலில் இளகி, இரவில் உறையும். மேகமில்லாத இரவில் பனிப்பரப்பு தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருந்தால்கூட இறுகிவிடும். அந்த இறுகிய மேலோடுதான் உங்கள் சாலை. பூட்ஸின் அடியில் மாட்டும் கிராம்பான் முள் நன்றாகக் கடிக்கும், கால் புதையாது, சரிவும் கட்டுக்கோப்பாக நிற்கும். வெயில் ஏறினால் ஓடு உருகி, பனி ஈரச் சர்க்கரை மாதிரி ஆகி, தன் எடையிலேயே சரியத் தொடங்கும்.

ஒரு நாளின் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும். 1 மணிக்கு எழுந்து டீ, கஞ்சி. 2 மணிக்குக் கிளம்பினால் ஆறு, ஆறரைக்கு முதல் சிகரம். முகடு ஒரு கிலோமீட்டர்தான் என்றாலும் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்; கயிறு மாற்றுவதும் பாறைத் துண்டுகளைச் சுற்றிப்போவதும் நேரம் தின்னும். ஒன்பதரைக்கு இரண்டாம் சிகரம். பதினொன்றரைக்குள் செங்குத்துச் சரிவுகளை விட்டு இறங்கியிருக்க வேண்டும். முதல் சிகரத்தையே எட்டு மணிக்குத்தான் தொட்டீர்கள் என்றால் அன்றைக்கு டிராவர்ஸ் கிடையாது.

இறங்கும் சரிவு எந்தத் திசை பார்க்கிறது என்பதையும் முதல் நாளே வரைபடத்தில் பாருங்கள். கிழக்கு பார்த்த சரிவு முதலில் இளகும், பிறகு தெற்கு, பிறகு மேற்கு, கடைசியில் வடக்கு. இரண்டாம் சிகரத்திலிருந்து இறங்குவது கிழக்குச் சரிவு என்றால் மேலே சொன்ன எல்லா நேரத்தையும் ஒன்றரை மணி முன்னால் நகர்த்த வேண்டும்.

மேகமூட்டமான இரவென்றால்?

போர்வை போர்த்தியது மாதிரி சூடு உள்ளேயே நிற்கும், பனி உறையாது. கூடாரத்துக்கு வெளியே வந்து கிராம்பான் போடாத பூட்ஸால் பத்து அடி நடந்து பாருங்கள். கிளம்பும் நேரத்துக்கே கணுக்கால் வரை புதைகிறது என்றால் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். இதற்காகவே திட்டத்தில் ஒரு உதிரி நாள் இருக்க வேண்டும்.

பனிச்சரிவு வருவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

நிச்சயமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் பனி அடையாளம் காட்டும். பலகை பலகையாகப் பெயரும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி வரையிலான சரிவில் கிளம்புகின்றன. 38-ஐ ஒட்டிய சரிவுகள் மிக மோசம். போனிலேயே சாய்வளவு பார்க்கும் செயலி இருக்கிறது, ஊன்றுகோலைச் சரிவில் படுக்கவைத்து அதன் மேல் போனை வைத்தால் போதும். புதுப்பனி விழுந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, காற்று ஒரு பக்கமாகப் பனியை வாரிக் குவித்திருக்கிறது, காலை வைத்தால் ‘தும்’ என்று அடியில் அமுங்குகிற சத்தம், காலிலிருந்து விரிசல் ஓடுகிறது: இதில் எதைப் பார்த்தாலும் அந்தச் சரிவை விட்டு விலகுங்கள்.

வசந்தத்தின் தனி அடையாளம் உருண்டைகள். வெயில் பட்ட பாறைக்கு அடியிலிருந்து எலுமிச்சை அளவில் பனி உருண்டை தானாக உருண்டு வந்தால் மேல்பரப்பு இளகுகிறது என்று அர்த்தம். உருண்டை பெரிசாகிக்கொண்டே போனால் நீங்கள் ஏற்கெனவே தாமதம்.

கார்னிஸ் என்கிறார்களே, அது என்ன?

நம் வீட்டு ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு நீட்டிக்கொண்டிருக்கும் இல்லையா, அதேபோல முகட்டின் ஒரு பக்கத்தில் காற்று பனியை அடுக்கி அடுக்கி வெளியே நீட்டிவிடும். உள்ளே கம்பி கட்டாத சன்ஷேடு. மேலே நிற்கிறவருக்குத் தட்டையான, நடக்க வசதியான பனித்தரையாகத்தான் தெரியும். அடியில் வெறும் காற்று.

இந்த மலைகளில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால் கார்னிஸ் கிழக்கு, வடகிழக்குப் பக்கம் நீள்வது வழக்கம். ஆனால் முகடு வளைகிற இடத்தில் பக்கம் மாறும், அதனால் விதியை மட்டும் நம்பாமல் தூரத்திலிருந்து கண்ணால் பார்த்து வையுங்கள். நிறையப் பேர் இடறுவது எங்கே என்றால், உடைகிற கோடு நீட்டிய பகுதி தொடங்குகிற இடத்தில் இருக்கும் என்று நினைப்பதில். அது பல சமயம் அதற்கும் உள்ளே, கெட்டி மலை என்று நம்புகிற இடத்தில் ஓடும். எனவே முகட்டின் உச்சிக்கோட்டில் நடக்காதீர்கள். காற்று வரும் பக்கத்துச் சரிவில், உச்சியிலிருந்து பல மீட்டர் கீழே இறங்கிக் குறுக்காகப் போங்கள். அங்கே சாய்வு அதிகம், கணுக்கால் வலிக்கும். அந்த வலியைப் பார்த்துதான் ஆட்கள் மேலே ஏறி நடக்கிறார்கள். முந்தின நாள் காலடித் தடம் உச்சியில் போகிறதே என்பதும் சமாதானம் அல்ல. நேற்று அதிகாலை உறைந்திருந்தபோது தாங்கியது, இன்று பத்து மணிக்குத் தாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

மூடுபனி இறங்கி வெள்ளைத் தரையும் வெள்ளை வானமும் ஒன்றாகிவிட்டால் விளிம்பே தெரியாது. நிற்பது மட்டும்தான் சரி.

கயிறு கட்டினால் பாதுகாப்புதானே?

கயிறு எதிலாவது மாட்டியிருந்தால்தான். வெறுமனே இரண்டு பேரை இணைத்த கயிறு, ஒருவர் விழுந்தால் இருவரையும் இழுத்துப்போகும். உறைந்த சரிவில் தடுக்க யாராலும் முடியாது.

வழக்கமான ஏற்பாடு: 30 மீட்டர் கயிறு, இருவருக்கு நடுவே 8 முதல் 12 மீட்டர், மீதியை ஆளுக்குப் பாதியாகத் தோளில் சுற்றி முடிச்சுப் போட்டுவிடுவது. நடக்கும்போது பாறை முனை எதிர்ப்பட்டால் கயிற்றை அதன் மறுபக்கமாகப் போட்டுக்கொண்டே போங்கள், 120 செ.மீ. ஸ்லிங்கையும் (நாடா வளையம்) மாட்டலாம். இருவருக்கும் நடுவே எப்போதும் ஒரு பிடிமானமாவது இருக்க வேண்டும். கத்தி மாதிரியான முகட்டில் கூட்டாளி ஒரு பக்கம் விழுந்தால் மற்றவர் மறுபக்கம் குதிக்க வேண்டும் என்பது உண்மையான உத்திதான். ஆனால் கையில் ஒரு மீட்டர் கயிறு சுருட்டிப் பிடித்து, கண் கூட்டாளி மேலேயே இருந்தால்தான் அந்த ஒரு நொடி கிடைக்கும். குதிக்கிற பக்கம் கார்னிஸ் என்றால் கதையே வேறு.

பாறை இல்லாத வெறும் பனியில் நங்கூரம் நாமே செய்ய வேண்டும். கெட்டிப் பனியென்றால் 60 செ.மீ. ஸ்னோ ஸ்டேக்கை (பனியில் அடிக்கும் முளை) இழுப்பு வரும் திசைக்கு எதிர்ப்பக்கம் சற்றே சாய்த்து அடியுங்கள். இளகிய பனியில் அடித்தால் வெண்ணெயில் கத்தி மாதிரி வெளியே வரும். அப்போது முழங்கை ஆழத்துக்குக் குறுக்காகக் குழி வெட்டி, ஸ்டேக்கைப் படுக்கவைத்து, நடுவில் ஸ்லிங் கட்டி, ஸ்லிங் வெளியே வர ஒரு சின்னக் கால்வாயும் வெட்டிப் புதையுங்கள். ஒன்றுமே கையில் இல்லையென்றால் குதிரைலாட வடிவில் பனியைச் சுற்றி வெட்டி அந்த மேட்டில் கயிற்றை மாட்டலாம். கெட்டிப் பனியில் ஒரு மீட்டர் அகலம் போதும், மென்பனியில் மூன்று மீட்டர் வரை வேண்டும்.

எங்கள் கருத்து: நங்கூரம் போட நேரமில்லை, போடாமல் கட்டி நடக்கத் தைரியமும் இல்லை என்று தோன்றுகிற முகடு உங்களுக்கான முகடு அல்ல.

காசிமேட்டில் கிடைக்கும் கயிறு நல்ல பலமாயிற்றே, அதை வாங்கிக்கொள்ளலாமா?

கூடாது. விசைப்படகுக் கயிறு பலமானதுதான், ஆனால் விழுகிற மனிதனைப் பிடிக்கச் செய்ததல்ல. மலையேற்றத்துக்கான டைனமிக் கயிறு விழும்போது ரப்பர் மாதிரி நீண்டு வேகத்தை வாங்கிக்கொள்ளும். சோதனையில் 40 சதவீதம் வரை நீள்வதை விதிமுறையே அனுமதிக்கிறது. ஒற்றைக் கயிறு உடம்புக்குக் கடத்தும் அதிர்ச்சி 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. துறைமுகத்தில் அதிகம் புழங்கும் பாலிப்ரொப்பிலீன் கயிறு அந்த அளவுக்கு நீளாது. விழுந்தவரின் இடுப்பும் நங்கூரமும்தான் அடியை வாங்கும். உரசலில் சீக்கிரம் உருகும், வெயிலில் நைந்தும் போகும்.

முடிச்சு விஷயத்தில் மட்டும் கடற்கரைப் பிள்ளைகளுக்கு மூத்த பாடம் இருக்கிறது. வலை கட்டிப் பழகின கைக்கு எட்டு முடிச்சும், க்ளோவ் ஹிச்சும், டபுள் ஃபிஷர்மேனும் ஒரே மாலையில் வந்துவிடும். அதன் பிறகு குளிர் கையுறை மாட்டிக்கொண்டு, இருட்டில் கட்டிப் பழகுங்கள்.

கிராம்பான், ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடரி): என்ன பார்த்து எடுக்க வேண்டும்?

மணாலியில் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் கிளம்பும் முந்தின நாள் அல்ல, இரண்டு நாள் முன்பே போய் உங்கள் பூட்ஸோடு மாட்டிப் பாருங்கள். 12 முள், முன்பக்க இரண்டும் நீட்டியவை. பட்டை கட்டாமலேயே பூட்ஸைத் தலைகீழாகப் பிடித்தால் கிராம்பான் விழாமல் நிற்க வேண்டும். அடியில் ரப்பர் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் ஈரப்பனி முள்ளுக்கு நடுவே உருண்டையாக அப்பிக்கொள்ளும், நீங்கள் முள்ளில் நடக்காமல் பந்தில் நடப்பீர்கள். அப்பினால் ஒவ்வொரு அடிக்கும் ஆக்ஸ் கைப்பிடியால் பூட்ஸின் ஓரத்தைத் தட்ட வேண்டும். தொங்கும் பட்டை நுனிகளை உள்ளே செருகுங்கள். கால்களை ஒரு சாண் அகற்றி நடங்கள். முகட்டில் பலர் விழுவது தன் கால்சட்டையில் தன் முள்ளே மாட்டித்தான்.

ஆக்ஸ் 55 முதல் 65 செ.மீ. விழுந்தால் நிறுத்தும் பயிற்சிக்கு: அகன்ற தலைப்பகுதி கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள குழியில், கூர்முனை பனியில், மற்ற கை கைப்பிடியின் அடி நுனியை மூடி இடுப்போரம். கிராம்பான் போட்டிருந்தால் பாதத்தை மேலே தூக்கிவிடுங்கள், முள் மாட்டினால் உடல் தலைகீழாகப் புரளும். முதல் ஓரிரு நொடிக்குள் நிறுத்தாவிட்டால் வேகம் கைமீறிவிடும். கையின் நிலையை வீட்டுப் பாயில் பழகலாம், மீதியைக் கிராம்பான் இல்லாமல், அடியில் சமதளமுள்ள பனிச்சரிவில் இரண்டு நாளாவது உருண்டு பழக வேண்டும்.

கண்ணாடிக்கு அவ்வளவு முக்கியத்துவமா?

ஆமாம். புதுப்பனி புற ஊதாக் கதிரில் எண்பது சதவீதம் வரை திருப்பி அனுப்பும், உயரம் 1000 மீட்டர் கூடினால் கதிரின் அளவு பத்து சதவீதம் வாக்கில் கூடும். வகை 4 என்று குறிப்பிட்ட, பக்கவாட்டு மறைப்புள்ள கண்ணாடி வேண்டும். எந்தக் குறிப்பும் இல்லாத வெறும் கறுப்புக் கண்ணாடி இன்னும் கெடுதல், இருட்டில் கண்மணி விரிந்து கதிர் அதிகமாக உள்ளே போகும். பனிக்குருடு உடனே தெரியாது. ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் கொட்டியது போல எரியும். மூக்குத் துவாரத்துக்குக் கீழும் தாடைக்கு அடியிலும் சன்ஸ்கிரீன் பூசுங்கள், அங்கேதான் பனியின் எதிரொளி சுடும்.

கடல் மட்டத்திலேயே வாழ்கிறவர்கள் நாங்கள். உயரம் தாங்குமா?

எந்த ஊர்க்காரருக்கும் நேரம் கொடுத்தால் தாங்கும். 5300 மீட்டரில் காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். சென்ட்ரலில் ரயிலேறி டெல்லி, அங்கிருந்து இரவு பஸ்ஸில் மணாலி (சுமார் 2050 மீட்டர்) என்று போகிறவர் அங்கே இரண்டு இரவு தங்க வேண்டும். 3000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒரு ஓய்வு நாள். போகவர எல்லாம் சேர்த்துப் பதினான்கு நாளுக்குக் குறைந்து திட்டம் போடவே வேண்டாம்.

தலைவலியோடு குமட்டலோ சோர்வோ தலைசுற்றலோ சேர்ந்தால் மலைநோய் என்றே எடுத்துக்கொண்டு மேலே ஏறுவதை நிறுத்துங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர். குதிகாலைக் கட்டைவிரலோடு ஒட்டி நேர்க்கோட்டில் நடக்க முடியாவிட்டால் மூளை வீக்கம். இரண்டுக்கும் மருந்து, அந்த ராத்திரியே கீழே இறக்குவது. அசிடசோலமைடு 125 மில்லிகிராம் இரண்டு வேளை என்பது வழக்கமான தடுப்பு அளவு. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது, மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

மலையே இல்லாத ஊரில் எப்படிப் பயிற்சி எடுப்பது?

மாடிப்படி இருக்கிறதே. சிகர நாளில் சுமார் 1000 மீட்டர் ஏற வேண்டியிருக்கும். ஒரு மாடி மூன்று மீட்டர் என்று வைத்தால் 330 மாடி. வியாசர்பாடி, தண்டையார்பேட்டை குடியிருப்புகளில் நான்கு மாடி ஏற்றம் என்றால் எண்பது தடவைக்கு மேல். ஒரே நாளில் தொடங்காமல், பதினாறு வாரத்தில் அந்த எண்ணிக்கைக்கு வாருங்கள். முதல் வாரம் முதுகில் 5 கிலோ, கடைசியில் 12 முதல் 15. தண்ணீர் பாட்டில்தான் நல்ல எடை: ஏறும்போது சுமந்து, மேலே தொட்டியிலோ செடியிலோ ஊற்றிவிட்டு இறங்கினால் முட்டி தப்பும். தண்ணீர் லாரி வரும் நாளில் குடம் தூக்கி மாடியேறி வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. வாரம் ஒரு நாள் திருவொற்றியூர், எண்ணூர் கடற்கரை மணலில் வேகநடை. புதையும் பனிக்கு அதைவிட நல்ல ஒத்திகை இங்கே இல்லை. மாதம் ஒரு முறை பர்வதமலை, சீசன் இருக்கும்போது வெள்ளியங்கிரி.

சாப்பாடு, தண்ணீர்?

தயிர்சாதம் உறைந்துவிடும், கடலைமிட்டாய் கல்லாகிப் பல்லைச் சோதிக்கும். எள்ளுருண்டையைச் சின்னதாகப் பிடித்து, பேரீச்சை, வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலைமாவு சர்க்கரையோடு எடுத்துப் போங்கள், கையுறையைக் கழற்றாமல் வாயில் போடும் அளவில். மூன்று லிட்டர் தண்ணீர். அதில் ஒரு லிட்டர் வெந்நீராக ஃபிளாஸ்கில். உறிஞ்சு குழாய் விடியலில் உறைந்துவிடும் என்பதால் பாட்டில்தான் நல்லது, அதையும் தலைகீழாக வையுங்கள், ஐஸ் மேற்பரப்பில் கட்டுவதால் மூடி அடைக்காது. கேஸ் டின்னை ரயிலிலும் விமானத்திலும் கொண்டுபோக முடியாது, மணாலியில் வாங்குங்கள்.

திரும்பி வந்ததும் சாமான்களை என்ன செய்வது?

நம் பக்கத்து உப்புக்காற்று கிராம்பானை ஒரே மழைக்காலத்தில் துருவேற்றிவிடும். நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, முழுசாக உலர்ந்தபின் லேசாக எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வையுங்கள். கயிற்றை வெயிலில் காயவைக்காமல் நிழலில் தளர்வாகப் பரப்புங்கள். உலர்ந்ததும் ஒரு கையால் உருவிக்கொண்டே முழு நீளத்தையும் தடவிப் பாருங்கள். உள்ளே மெத்தென்று அமுங்கும் இடமோ, உறை கிழிந்த இடமோ இருந்தால் அந்தக் கயிற்றுக்கு அதோடு ஓய்வு. மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கும் இடத்தில் மட்டும் கயிறு, ஹார்னஸ் (கயிற்றை மாட்டும் இடுப்புப் பட்டை), ஸ்லிங் எதையும் வைக்காதீர்கள். ஆசிட் ஆவி நைலானை அரித்துவிடும், வெளியே பார்த்தால் ஒரு கறைகூடத் தெரியாது.